காயலான் கடையிலிருந்து கூடத்துக்கு: பழைய சாமான்களால் குறைந்த செலவில் வீட்டை அலங்கரிக்க முழு வழிகாட்டி

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கணக்குப்பிள்ளைப் பெட்டி இருக்கிறது. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுதுவதற்கென்று சரிவான மூடி போட்ட தேக்குப் பெட்டி. மூடியைத் தூக்கினால் உள்ளே சின்னச் சின்ன அறைகள். ஒரு அறையின் ஓரத்தில் மை கொட்டிய நீலக்கறை இன்னும் இருக்கிறது. ஒரு கீல் போயிருந்ததால் காரைக்குடியில் 3,500 ரூபாய்க்குக் கிடைத்தது. கீலுக்கு 60 ரூபாய் ஆனது. இன்று அதற்குள் கரண்ட் பில், வாடகை ரசீது, பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை எல்லாம் இருக்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இரண்டு அறை வாடகை வீட்டைப் பெரும்பாலும் இப்படிப்பட்ட சாமான்களால்தான் நிரப்பினோம். மொத்தச் செலவு 15,000 ரூபாய்க்குள். ஒரே நாளில் நடந்ததில்லை, ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. இந்த ஒரு வருடத்தில் நான் வைத்துக்கொண்ட ஒரே விதி இதுதான்: வீட்டில் ஒரு வேலை காத்திருந்தால் மட்டுமே பொருளை வாங்குவது. அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் வாங்கியவை எல்லாம் கடைசியில் பரணுக்குத்தான் போயின.

முதலில் டேப், அப்புறம் கடை

கடைக்குப் போகும் முன் ஒரு வாரம் வீட்டைக் கவனியுங்கள். சாவியை எங்கே போட்டுவிட்டுத் தேடுகிறோம்? செருப்பு எங்கே குவிகிறது? நாலு பேர் வந்தால் நாலாவது ஆள் எங்கே உட்காருகிறார்? ராத்திரி படிக்க வெளிச்சம் போதுமா? இவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். எங்கள் பட்டியலில் ஏழு வரிகள் இருந்தன. "ஷோகேஸ்" என்ற சொல் அதில் இல்லை.

அடுத்து அளவுகள். சுவரின் நீளம், ஜன்னலுக்குக் கீழே உள்ள உயரம், வாசல் கதவின் அகலம், மாடிப்படி திரும்பும் இடம், லிஃப்ட் இருந்தால் அதன் உள்ளளவு. பழைய மர பீரோக்களும் கட்டில்களும் அகலமான வாசல் கொண்ட வீடுகளுக்காகச் செய்யப்பட்டவை. அடுக்குமாடிப் படுக்கையறைக் கதவோ இரண்டரை அடி, மிஞ்சிப்போனால் மூன்று அடி. கழற்றி மாட்ட முடியாத மரச்சாமானாக இருந்தால் அது வாசலிலேயே நின்றுவிடும். அளவுகளைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் நிற்கும்போது மனதில் இருக்கும் அளவு எப்போதும் உண்மையைவிடப் பெரியதாகவே இருக்கும்.

காசைப் பிரிக்கும் கணக்கு

கையில் இருப்பதில் பாதியை மட்டும் பொருளுக்கு ஒதுக்குங்கள். மீதியில் ஒரு பாதி பழுதுபார்க்க, ஒரு பாதி ஏற்றி இறக்க. முதல் தடவை நான் இதைச் செய்யவில்லை. 1,200 ரூபாய்க்கு ஒரு பெஞ்சு வாங்கினேன். தச்சர் கூலி, பாலிஷ், குட்டியானை (சின்ன லாரி) வாடகை எல்லாம் சேர்ந்து அது 4,000 ரூபாய் பெஞ்சாகிவிட்டது. அதனால் பழைய பொருளின் விலை கடைக்காரர் சொல்லும் விலை அல்ல, அது வீட்டில் உட்காரும்போது ஆகியிருக்கும் மொத்தம்தான்.

எங்கே போவது

பக்கத்துத் தெருவில் தொடங்குங்கள். ஒவ்வொரு பேட்டையிலும் ஒரு காயலான் கடை இருக்கிறது. அங்கே எல்லாமே எடைக்கு வரும், எடைக்குப் போகும். இரும்பு ட்ரங்குப் பெட்டி, பித்தளைச் சொம்பு, மடக்கு நாற்காலி, பழைய தையல் மிஷினின் வார்ப்பிரும்புக் கால் எல்லாம் உருக்கப் போகும் வழியில் அங்கே இரண்டு நாள் தங்கும். கடைக்காரரிடம் பழகி, "இந்த மாதிரி வந்தா எடுத்து வைங்க அண்ணே" என்று சொல்லிவைத்தால் போதும். போகிக்கு முந்தைய பத்து நாளும், ஆயுத பூஜைக்கு வீடு ஒழிக்கும் வாரமும் இதற்கு நல்ல காலம். ஊரே பரணைக் காலி செய்யும் நேரம் அது.

சென்னைக்காரர்களுக்கு மூர் மார்க்கெட் என்ற பெயர் தெரியாமல் இருக்காது. 1900-இல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடம் 1985-இல் தீப்பிடித்து அழிந்தது. அந்த இடத்தில்தான் இன்று சென்ட்ரலின் புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது. பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்தில் கடைகள் தொடர்கின்றன. பழைய புத்தகங்களுக்கு இன்றும் போகலாம். கெட்டி அட்டை போட்ட பழைய புத்தகங்கள் ஒரு அலமாரிக்குத் தரும் நிறம் எந்த அலங்காரப் பொருளிலும் கிடைக்காது, படிக்கவும் செய்யலாம். புதுச்சேரியில் ஞாயிறுதோறும் மகாத்மா காந்தி சாலையில் கூடும் சண்டே மார்க்கெட்டில் துணிமணிதான் அதிகம். திரைச்சீலைக்கும் மெத்தை உறைக்கும் துணி தேடுகிறவர்கள் அங்கே போகலாம்.

ஆனால் ஒரே ஒரு பயணம்தான் முடியும் என்றால் காரைக்குடிக்குப் போங்கள். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இத்தனை சாமான் ஒரே தெருவுக்கு எப்படி வந்தது என்று கேட்டால் அதற்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. பர்மா, இலங்கை, மலாயா என்று கடல் கடந்து வட்டித்தொழில் செய்த நகரத்தார், பர்மாத் தேக்கையும் இத்தாலியப் பளிங்கையும் பெல்ஜியம் கண்ணாடியையும் கொண்டுவந்து வீடு கட்டினார்கள். 1942-இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தபோது அங்கே இருந்த சொத்து கைவிட்டுப் போனது. பிறகு பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள் என்றானபோது, பராமரிக்க முடியாத வீடுகள் பிரிக்கப்பட்டன. தூணும் கதவும் ஜன்னலும் கடைக்கு வந்தன. அவற்றோடு அந்த வீட்டு ஆச்சிகளின் சீர்வரிசைச் சாமான்களும் வந்தன.

அந்தத் தெருவில் நிற்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே வாங்கிய பித்தளைத் தூக்கு ஒன்றின் கழுத்தில் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்துகள் இருந்தன. அது அந்தக் குடும்பத்தின் விலாசம், அதாவது தாத்தா, அப்பா பெயர்களின் முதலெழுத்துகள். பாலிஷ் போடுகிறவர் "இதைத் தேய்ச்சு எடுத்துரட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். யாரோ ஒரு பெண்ணுக்குக் கல்யாணத்தில் கொடுத்தது அது. அந்த எழுத்து இருக்கும்வரை அது வெறும் பித்தளை ஆகாது.

கதவு, தூண், நிலை போன்ற பெரிய சாமான்கள் குறைந்த பட்ஜெட்டுக்கு ஒத்துவராது. எடையும் அதிகம், விலையும் அதிகம். உங்கள் கண் போகவேண்டிய இடம் கடையின் பின்பக்கம்: எனாமல் தட்டு, டிபன் கேரியர், பீங்கான் ஊறுகாய் ஜாடி, அஞ்சறைப் பெட்டி, ஆழாக்கு உழக்கு படி என்று அடுக்கிவைத்த அளவுச் சாமான்கள், முக்காலி, சட்டம் போட்ட படங்கள், கம்பி வேலைப்பாடு செய்த சின்ன ஜன்னல்.

ஒரு எச்சரிக்கை. நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிலை, ஓவியம், கலைப்பொருள் போன்றவை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். அவற்றை விற்க உரிமம் வேண்டும், சிலவற்றைப் பதிவு செய்ய வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துப்போகவே கூடாது. கோயிலில் இருந்து வந்தது போலத் தெரியும் எதையும், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். வீட்டில் புழங்கிய பாத்திரமும் மேசையும் போதும் நமக்கு.

கையில் எடுத்துப் பார்ப்பது

பையில் நாலு சாமான் வைத்துக்கொள்ளுங்கள்: டேப், சின்னக் காந்தம், பூதக்கண்ணாடி, டார்ச். இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள், ஏனென்றால் காசு மிஞ்சுவதும் போவதும் இங்கேதான்.

மரச்சாமானை முதலில் கவிழ்த்துப் பாருங்கள். மேலே பாலிஷ் எதையும் மறைக்கும், அடிப்பக்கத்தில் அந்த மறைப்பு இருக்காது. பலகையின் முகத்தில் ஓடும் ரேகை விளிம்பில் திரும்பி வெட்டுமுகத்திலும் தொடர்ந்தால் அது முழு மரம். விளிம்பில் அடுக்கடுக்காகக் கோடு தெரிந்தால் பிளைவுட். இழுப்பறை இருந்தால் வெளியே உருவி மூலையைப் பாருங்கள். கையால் செய்ததில் பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கும், ஆனால் எல்லாப் பல்லும் ஒரே அளவில் இருக்காது. அந்தச் சின்ன ஏற்றத்தாழ்வு ஒரு தச்சரின் உளியில் வந்தது. பிறகு இரண்டு கையாலும் பிடித்து ஆட்டுங்கள். பொருத்துகள் ஆடினால் பசை போட்டு இறுக்கிவிடலாம், அது பெரிய விஷயமில்லை. கால் பிளந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

பூச்சிதான் பெரிய விஷயம். மேலே சொன்ன பெஞ்சில் குண்டூசித் தலை அளவு துளைகள் இருந்தன. "பழைய துளைம்மா, பூச்சி எல்லாம் எப்பவோ போச்சு" என்றார் கடைக்காரர். நம்பினேன். பத்து நாள் கழித்துத் தரையில் கோலமாவு போல ஒரு சின்னக் குவியல் இருந்தது. துளையின் உட்புறம் கறுத்திருந்தால் பழையது. வெளிறி, புதிதாக வெட்டிய மரத்தின் நிறத்தில் இருந்தால் உள்ளே வண்டு இருக்கிறது. கடையிலேயே பொருளைத் தரையில் ஒரு தட்டுத் தட்டுங்கள். மாவு உதிர்ந்தால் நல்ல விலை சொன்னாலும் வேண்டாம். கரையான் என்றால் வெளியே துளையே தெரியாது, விரலால் தட்டும்போது டொக்கென்று உள்கூடு போன சத்தம் வரும்.

பித்தளைக்குக் காந்தம். ஒட்டினால் இரும்புக்கு மேல் முலாம் பூசியது. ஒட்டாவிட்டால் தட்டிப் பாருங்கள், வெண்கலம் கோயில் மணி போல நீளமாக ஒலிக்கும், பித்தளை சீக்கிரம் அடங்கிவிடும். புதிய சாமானை அமிலத்தில் கறுக்கவைத்துப் பழையது என்று விற்பதும் உண்டு. அதில் கறுப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும். உண்மையிலேயே புழங்கிய பாத்திரத்தில் கை படும் இடம் வழவழத்திருக்கும், அடிவிளிம்பு தேய்ந்திருக்கும், வேலைப்பாட்டின் மூக்குகள் மழுங்கியிருக்கும்.

சட்டம் போட்ட லட்சுமி, சரஸ்வதி படங்களைக் காட்டி "ரவிவர்மா பிரஸ்" என்பார்கள். ஓவியர் ரவிவர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் கல்லச்சுப் படங்கள் (கல்லில் வரைந்து அச்சடித்தவை) நாடு முழுக்கப் பூஜை அறைகளுக்குப் போனவை, ஆகவே கிடைக்காது என்று இல்லை. ஆனால் நகல்கள் அதைவிட அதிகம். பூதக்கண்ணாடியை முகத்தின் மேல் வைத்துப் பாருங்கள். பழைய கல்லச்சில் நிறம் ஒழுங்கில்லாத பொடிப்பொடியாக, மணல் தூவியது போல இருக்கும். பிற்கால ஆஃப்செட் நகலில் வரிசை பிசகாத புள்ளிகள் சின்னச் சின்னப் பூ வடிவில் தெரியும். நகல் என்றால் வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. பல சமயம் சட்டம் மட்டுமே கொடுத்த காசுக்குப் பெறும். நகலுக்கு நகல் விலை கொடுங்கள், அவ்வளவுதான்.

கண்ணாடியில் ஓரம் கறுத்திருந்தால் பரவாயில்லை, அதற்கும் ஒரு அழகு உண்டு. முகம் பார்க்கும் உயரத்தில் கறுத்திருந்தால் வேண்டாம். எனாமல் தட்டில் விளிம்பு உதிர்ந்திருந்தால் சுவரில் மாட்டலாம், சாப்பிடப் பயன்படுத்தாதீர்கள். பழைய பீங்கான் ஜாடியும் அப்படியே. அதன் மெருகில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, அதனால் புளிப்பும் உப்பும் உள்ள ஊறுகாயை அதில் போடாமல், கரண்டி வைக்கவோ பூ வைக்கவோ எடுத்துக்கொள்ளுங்கள்.

விலை பேசுவது

பித்தளைக்குப் பேரம் ரொம்ப எளிது. போகிற நாளில் பாத்திரக்கடையில் பழைய பித்தளையைக் கிலோ என்ன விலைக்கு எடுக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போங்கள். அதற்குக் கீழே யாரும் தரமாட்டார்கள், தரவும் முடியாது. அதற்கு மேல் கேட்பது வேலைப்பாட்டுக்கும் அவர் அதைத் தேடிப்பிடித்த உழைப்புக்கும். ஒன்றரை மடங்கு வரை நான் கொடுப்பேன்.

மரத்துக்கு அப்படி அளவுகோல் இல்லை. குறையைச் சுட்டிக்காட்டிப் பேசுங்கள், ஆனால் மட்டம் தட்டிப் பேசாதீர்கள். கணக்குப்பிள்ளைப் பெட்டி வாங்கியது இப்படித்தான்:

"அண்ணே, ஒரு கீல் இல்லையே. ஆசாரிக்கு நான் தனியாக் கொடுக்கணும்."

"அதுக்குத்தாம்மா நாலாயிரத்தைந்நூறு. கீல் இருந்தா ஆறாயிரம்."

"இந்த ரெண்டு முக்காலியும் சேர்த்து எடுத்துக்கறேன். பெட்டியை மூணாயிரத்தைந்நூறு போடுங்க."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார். ஒரே கடையில் இரண்டு மூன்றாக எடுக்கும்போது விலை இறங்கும். காலையில் முதல் போணி நேரத்தில் போனாலும் இறங்கும், ஆனால் அப்போது விலை பேசிவிட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். அது அவர்கள் மனதை நோகச் செய்யும்.

வீட்டுக்குள் விடும் முன்

தூக்கு, தட்டு, படம் எல்லாம் பழைய வேட்டியில் சுற்றிப் பெட்டியில் வைத்தால் காரைக்குடியிலிருந்து பல்லவன் ரயிலிலேயே சென்னைக்குக் கொண்டுவந்துவிடலாம். மரச்சாமானை லாரி பார்சலில் போடுங்கள். மூலைகளுக்குச் சாக்கு கட்டச் சொல்லி, கட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

வந்ததும் மரத்தைக் கூடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். பால்கனியில் செய்தித்தாள் விரித்து அதன் மேல் இரண்டு வாரம் வையுங்கள். தாளில் மாவு விழுந்தால் ஹார்டுவேர் கடையில் மரப்பூச்சி மருந்து வாங்கி, ஊசியில் ஒவ்வொரு துளையிலும் ஏற்றி, பாலித்தீன் தாளால் இறுக்கிச் சுற்றி, டப்பாவில் போட்டிருக்கும் நாள் கணக்குப்படி வையுங்கள். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். நிறைய பேர் மண்ணெண்ணெய் ஊற்றுவார்கள். அது ஆவியாகிவிடும், வீட்டில் தீப்பிடிக்கும் அபாயம் மட்டும் மிஞ்சும்.

சுத்தம் செய்வது

மரத்தை நனைக்கக் கூடாது. சோப்புத் தண்ணீரில் முக்கிப் பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் உலரவிடுங்கள். வெயிலில் வைத்தால் பலகை வெடிக்கும். பல சமயம் அழுக்கு போனதும் உள்ளேயிருந்து வரும் நிறமே போதுமானதாக இருக்கும், பாலிஷே தேவைப்படாது. கணக்குப்பிள்ளைப் பெட்டிக்கு நான் செய்தது இவ்வளவுதான்: துடைத்தேன், ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாக ஒரு பூச்சு பூசினேன், கால்மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்து எடுத்தேன், மறுநாள் இன்னொரு பூச்சு. மூன்றாம் நாள் மூடியின் ரேகைகள் தேன் நிறத்தில் எழுந்து வந்தன. எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் காயவைத்து, தண்ணீரில் நனைத்து அப்புறம் எறியுங்கள்.

பழைய பெயின்ட் அடித்த ஜன்னல், பெஞ்சு என்றால் கவனம். அந்தக் காலப் பெயின்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் தூசி மூச்சில் போகும். தண்ணீர் தெளித்து ஈரமாகவே தேய்க்க வேண்டும், குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. உதிராத பெயின்டை அப்படியே விட்டு மேலே தெளிந்த வார்னிஷ் அடித்துவிடுவது எல்லாவற்றையும்விட நல்லது.

பித்தளைக்குப் புளியும் உப்பும். பீதாம்பரிப் பொடியும் சரிதான். தேய்த்ததும் நன்றாகக் கழுவி உடனே துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் திட்டுத்திட்டாகும். முலாம் பூசியதற்குப் புளி ஆகாது, முலாமே போய்விடும். எல்லாவற்றையும் கண்ணைப் பறிக்கும்படி தேய்க்கவேண்டியதும் இல்லை. விளக்கைப் பளபளவென்று வையுங்கள், படியையும் உழக்கையும் அந்த மங்கிய நிறத்திலேயே விடுங்கள். ட்ரங்குப் பெட்டியின் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரெட் ஆக்சைடு ஒரு கோட், பெயின்ட் இரண்டு கோட்.

பழைய விளக்கு, மின்விசிறி எதுவானாலும் ஒயரையும் ஹோல்டரையும் எலெக்ட்ரீஷியனைக் கொண்டு முழுக்க மாற்றிய பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும். இதில் சிக்கனம் வேண்டாம்.

எதை எங்கே வைப்பது

பட்டியலை எடுங்கள். எங்கள் வீட்டில் வாசலுக்குப் பக்கத்தில் நெல் அளக்கும் மரக்கால் ஒன்று நிற்கிறது, குடை அதில். அஞ்சறைப் பெட்டியில் சாவி, பேனா, சில்லறை. முக்காலிகளில் ஒன்று கட்டிலுக்குப் பக்கத்தில் படிக்கும் விளக்கைத் தாங்குகிறது, இன்னொன்று நாலாவது விருந்தாளிக்கு. ட்ரங்குப் பெட்டிக்குள் மழைக்காலப் போர்வைகள், மேலே மெத்தை போட்டதால் ஜன்னலோரம் உட்காரும் இடமும் ஆனது. மெத்தையின் உறை அம்மாவின் கிழிந்த கண்டாங்கிச் சேலை. நடுப்பகுதி நைந்திருந்தாலும் கட்டம் போட்ட கரை உறுதியாக இருந்தது.

ஒரு சுவருக்கு ஒரு பெரிய பொருள் போதும். எல்லாப் பித்தளையையும் ஒரே அலமாரியில் அடுக்கினால் வீடு பாத்திரக்கடை ஆகிவிடும். பழைய மரத்துக்குப் பின்னால் சுவர் வெள்ளையாகவோ சந்தன நிறத்திலோ இருந்தால் மரம் எடுப்பாகத் தெரியும். வெள்ளைக் குழல்விளக்கை மாற்றி மஞ்சள் வெளிச்சம் தரும் எல்.இ.டி. பல்பு ஒன்று போடுங்கள், 150 ரூபாய்க்குள் முடியும் வேலை. பித்தளையும் தேக்கும் அந்த வெளிச்சத்தில்தான் தங்கள் நிறத்தைக் காட்டும்.

வாடகை வீட்டில் ஆணி அடிக்க விடமாட்டார்கள் என்றால் படங்களைச் சுவரில் மாட்டாமல் பெட்டியின் மேலும் அலமாரியின் மேலும் சாய்த்து வையுங்கள், அடியில் ரப்பர் துண்டு வைத்தால் வழுக்காது. பெரிய கண்ணாடியை மட்டும் அப்படிச் சாய்க்கக் கூடாது, குழந்தை இழுத்தால் மேலே விழும். வீட்டுக்காரரிடம் சொல்லி அனுமதி வாங்கி, கண்ணாடிக்கு மட்டும் இரண்டு திருகாணி போட்டுக்கொள்ளுங்கள். காலி செய்யும்போது துளைக்குப் பட்டி பார்த்துக் கொடுத்துவிடலாம். நாங்கள் கேட்டபோது எங்கள் வீட்டுக்காரம்மா மேலே வந்து கண்ணாடியைப் பார்த்தார், பிறகு கணக்குப்பிள்ளைப் பெட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். "எங்க தாத்தா கடையில இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு" என்றவர், கண்ணாடிக்கு வேண்டிய இரண்டு துளையையும் தன் மகனையே அனுப்பிப் போட்டுத் தரச் சொன்னார்.